நான்கரை ஆண்டில் ஆங்கில முனைவர் பட்டம்: காத்திருப்பையும் சேர்த்துப் போட்ட ஒரு திட்டம்

ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் "இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது" என்பதுதான். தாமதமான ஆய்வுகளின் கதையைச் சற்றுத் துருவிக் கேட்டால் வேறு கணக்கு வெளிவரும். ஆய்வேட்டின் ஓர் இயலை (அத்தியாயத்தை) வழிகாட்டும் நெறியாளரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மூன்று மாதம், குழுக் கூட்டத்துக்குத் தேதி கிடைக்காமல் போன அரையாண்டு, கட்டுரை அச்சாகும் வரை ஆய்வுச் சுருக்கம் கொடுக்க முடியாமல் நின்ற ஓராண்டு என்று அது நீளும். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிகள்தான் ஆண்டுகளை விழுங்குகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி படிப்பதற்கும் எழுதுவதற்கும் மட்டுமல்லாமல், காத்திருப்பதற்கும் நாள் ஒதுக்குகிறது.

முதலில் சட்டம் தரும் கால அளவைப் பார்த்துவிடுவோம். 2022 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்ட பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைப்படி, முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு, மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு ஆய்வுக்காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை தரலாம். ஆறாண்டு இருக்கிறதே என்று நிதானமாகத் தொடங்குபவர்தான் எட்டாம் ஆண்டில் விண்ணப்பமும் கையுமாக அலைகிறார். நான்கரை ஆண்டு என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராதது எது வந்தாலும் தாங்க ஒன்றரை ஆண்டு கையிருப்பு இருக்கும்.

1. சேர்வதற்கு முன்: பட்டம் வேண்டுமா, எதற்கு?

கல்லூரி ஆசிரியர் வேலை ஒன்றே குறி என்றால், 2023 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு), செட், ஸ்லெட் (மாநில அளவிலான தகுதித் தேர்வுகள்) ஆகியவற்றில் ஒன்றுதான் குறைந்தபட்சத் தகுதி; முனைவர் பட்டம் கட்டாயமில்லை. பதவி உயர்வுக்கும் நேர்காணலில் எடை கூடவும் பட்டம் உதவும் என்பது வேறு விஷயம். நெட் தேர்வையே தள்ளிப்போட்டுவிட்டு முனைவர் பட்டத்தில் குதிப்பது வரிசை மாறிய வேலை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காவிட்டாலும், அந்த மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்முகத்துக்கு 30 விழுக்காடு என்று எடை கொடுத்துச் சேர்ப்பார்கள். அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும் என்பதால், நெறியாளரைத் தேடும் வேலையைத் தேர்வு முடிவு வரும்வரை ஒத்திப்போட வேண்டாம். ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதல் இரண்டு ஆண்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000 ரூபாய், மொத்தம் ஐந்து ஆண்டு. இந்த உயர்வு தானாக வராது. வெளி நிபுணர் ஒருவரையும் கொண்ட குழு உங்கள் வேலையைப் பார்த்து மதிப்பிட வேண்டும். இரண்டாம் ஆண்டு முடியும் முன்பே அந்தக் குழுவைக் கூட்டும்படி துறையை நினைவுபடுத்தாவிட்டால், பழைய தொகையிலேயே மாதங்கள் ஓடும்.

முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் படிப்பான எம்.ஃபில். இப்போது இல்லை. 2022 விதிமுறை அதை நிறுத்திவிட்டது. அந்த ஓராண்டுப் படிப்பைக் குறை சொல்ல நிறைய இருந்தாலும் ஒரு நன்மையைச் செய்துகொண்டிருந்தது: நூறு பக்கத்தைத் தொடர்ந்து எழுதி முடித்த அனுபவம். இப்போது எம்.ஏ. முடித்து நேரே வருபவர், பெரும்பாலும் நாற்பது பக்கப் புராஜெக்ட் அறிக்கைக்கு மேல் எதையும் எழுதியிருக்க மாட்டார். முதலாண்டுத் திட்டத்தில் இந்தக் குறையை ஈடுகட்டியாக வேண்டும்.

2. நெறியாளர்

தலைப்பைவிட இதுதான் பெரிய முடிவு. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது. எனவே "சார், இடம் இருக்கிறதா?" என்பதோடு, "எந்த ஆண்டு ஓய்வு பெறுகிறீர்கள்?" என்பதையும் எப்படியாவது அறிந்துகொள்ள வேண்டும். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு இது அத்துப்படி.

பெயரும் புகழும் இருக்கட்டும். அவரிடம் பதிவு செய்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் நெறியாளர் பெயரைக் கொண்டு தேடினால், அவர் வழிகாட்டிய ஆய்வேடுகள் வரிசையாக வரும். முடித்த ஆண்டு பலவற்றில் இருக்கும், பதிவு செய்த ஆண்டும் சிலவற்றில் இருக்கும். அவற்றில் இரண்டைத் திறந்து முன்னுரையையும் ஏதாவது ஒரு நடு இயலையும் படியுங்கள். மூன்று வெவ்வேறு ஆய்வாளர்களின் இயல் தலைப்புகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தால், உங்கள் இயலுக்கும் அதே அச்சு தயாராக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, இப்போது அவரிடம் இருக்கும் இரண்டு ஆய்வாளர்களைத் தேநீருக்கு அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாகக் கொடுத்த பக்கங்கள் எத்தனை நாளில் திரும்பி வந்தன?" நல்லவரா, கண்டிப்பானவரா என்பதையெல்லாம்விட இந்த ஒரு பதில் போதும். மாதக்கணக்கில் பக்கங்களைத் தொடாத அன்பான நெறியாளரைவிட, இரண்டு வாரத்தில் சிவப்பு மையில் கிழித்துத் தரும் கடுமூஞ்சிக்காரர் உங்கள் நேரத்துக்கு நல்லவர்.

3. தலைப்பைச் சிறுக்குவது

ஆங்கிலத் துறைகளில் தலைப்புகளுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. ஓர் எழுத்தாளர், 'தேர்ந்தெடுத்த நாவல்கள்', அதன் மேல் அடையாளச் சிக்கல், புலம்பெயர்வு, பெண்ணியம், சூழலியல் என்று ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் தலைப்பு தயார். பதிவு செய்ய எளிது, முடிக்கக் கடினம். அந்தச் சொல்லுக்கு எல்லை கிடையாது. அடையாளம் என்று தொடங்கினால் எந்தப் பக்கத்தில் நிறுத்துவது?

ஓர் உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். ஆர்.கே. நாராயணைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒருவர் வருகிறார். "இனி அவரிடம் என்ன இருக்கிறது, எல்லாரும் செய்தாகிவிட்டது" என்றுதான் முதலில் சொல்வார்கள். அவருடைய கற்பனை ஊரை வைத்து 'மால்குடியில் மரபும் நவீனமும்' என்று போனால் அது உண்மைதான். ஆனால் 1952 முதல் 1967 வரை வந்த அவருடைய நாவல்களில் நான்கைப் பணத்தின் கண்ணால் பாருங்கள். 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்' நாவலில் மார்கய்யா கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப்பெட்டியோடு உட்கார்ந்து, வங்கியில் கடன் வாங்கும் வழியைக் கிராமத்தாருக்குச் சொல்லிப் பிழைக்கிறார். அவருடைய கணக்குப் புத்தகத்தைச் செல்ல மகன் பாலு சாக்கடையில் வீசிவிடுகிறான். கதையே அங்கே திரும்புகிறது. 'தி கைடு' நாவலில் ராஜுவுக்குச் சரக்குக் கொடுத்த சேட்டின் பாக்கி வழக்காகிறது. 'தி மேன் ஈட்டர் ஆஃப் மால்குடி' நாவலில் அச்சகத்தின் பரணுக்குக் குடிவந்த வாசு வாடகை தருவதே இல்லை. 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' நாவலில் காந்தியவாதி ஜெகன், மாலை ஆறு மணிக்கு மேல் வரும் விற்பனைப் பணத்தைக் கணக்கில் காட்டாமல் தனியாக வைத்துக்கொள்கிறார்.

கடன், பாக்கி, வாடகை, கணக்கில் வராத பணம். இந்த வரிசையில் பார்க்கும்போது ஆய்வுக் கேள்வி தானாக எழுகிறது: மால்குடிக் கதைகளில் கணக்குப் புத்தகம் கதையை எப்படி நகர்த்துகிறது? நான்கு நாவல், நான்கு நடு இயல். பின்புலத்துக்கு 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும், சென்னை மாகாணக் கூட்டுறவு இயக்கமும் இருக்கின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கோடை விடுமுறையில் போய் வரலாம். இந்தத் தலைப்பில் எங்கே நிறுத்துவது என்பது தொடங்கும்போதே தெரிகிறது. காலத்துக்குள் முடிவதற்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் எதுவும் இல்லை.

உங்கள் தலைப்புக்கும் இதே சோதனையை வையுங்கள். மூல நூல்கள் நான்கு அல்லது ஐந்துக்கு மேல் போகக் கூடாது. எல்லாமே கைக்குக் கிடைப்பவையாக இருக்க வேண்டும். கேள்வியை ஒரே வாக்கியத்தில், கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமல், துறைக்கு வெளியே இருக்கும் நண்பருக்குச் சொல்ல முடிய வேண்டும். இதே கேள்வியை யாரும் கேட்டிருக்கிறார்களா என்று ஷோத்கங்காவில் பார்த்துவிடுங்கள். தொடங்கிய ஆய்வுகளின் முன்வரைவுகள் ஷோத்கங்கோத்ரியில் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

4. பின்னோக்கிப் போடும் கால அட்டவணை

2026 ஜூலையில் முழுநேர ஆய்வாளராகச் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசியிலிருந்து தொடங்குவோம். வாய்மொழித் தேர்வு 2030 டிசம்பர். ஆய்வேடு கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அது ஒரு மாதம் பிசகும் என்று எடுத்துக்கொண்டால் ஆய்வேடு 2030 மே மாதம் உள்ளே போயிருக்க வேண்டும். ஆய்வுச் சுருக்கம் அதற்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரியில். அப்படியானால் முழு ஆய்வேட்டின் முதல் வரைவு 2029 செப்டம்பரில் மேசை மேல் இருக்க வேண்டும். இடையிலுள்ள ஐந்து மாதம் நெறியாளர் படிக்கவும் நீங்கள் திருத்தவும்.

இன்னும் பின்னே போனால் நான்கு நடு இயல்களும் 2027 ஜூலை முதல் 2029 ஜூன் வரையான இரண்டாண்டில் வரவேண்டும், இயலுக்கு ஆறு மாதம். முன்னுரைக்கும் முடிவுரைக்கும் 2029 ஜூலை, ஆகஸ்ட். 2026 ஜூலை முதல் 2027 ஜூன் வரை பாடநெறியும் (ஆய்வாளர் முதலில் படித்துத் தேற வேண்டிய தாள்கள்) முன்வரைவும். ஜே.ஆர்.எஃப். பெறுபவருக்கு 2031 ஜூன் வரை தொகை வரும், விதி தரும் ஆறாண்டு 2032 ஜூலையில்தான் முடிகிறது. இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். தேதி போட்ட தாளைப் பார்த்தபின் எந்த நெறியாளரும் "பொறுமையாகச் செய்யலாம்" என்று அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார்.

5. முதலாண்டு

பாடநெறி குறைந்தது 12, அதிகபட்சம் 16 கிரெடிட். ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்ற தாள் கட்டாயம். 55 விழுக்காடு எடுத்தால்தான் ஆய்வைத் தொடரலாம். எம்.ஏ. தேர்வைத் தாண்டியவருக்கு இது மலையல்ல. இந்த ஆண்டின் அபாயமே வேறு. பாடநெறி இருக்கிறது என்ற சாக்கில் ஆய்வைத் தொடாமலேயே பன்னிரண்டு மாதம் போய்விடும்.

மூல நூல்களை இரண்டு முறை படியுங்கள், இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. பாடநெறியில் எழுதும் கட்டுரைகளில் ஒன்றையாவது உங்கள் முதல் நாவலைப் பற்றியதாக அமைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் 25 பக்கம் தொடர்ச்சியாக எழுதிய ஒன்று கையில் இருக்க வேண்டும். எம்.ஃபில். செய்துகொடுத்த வேலையை இந்த 25 பக்கம் செய்யும். துணைநூற்பட்டியலை ஜொடெரோ போன்ற இலவச மென்பொருளில் முதல் நாளே தொடங்குங்கள். மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் எழுதும் முறையைச் சொல்லும் எம்.எல்.ஏ. கையேட்டின் ஒன்பதாம் பதிப்பு 2021இல் வந்தது. உங்கள் பல்கலைக்கழகம் இன்னும் எட்டாம் பதிப்பையோ ஏழாம் பதிப்பையோ கேட்கிறதா என்று எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசி மாதத்தில் முந்நூறு அடிக்குறிப்புகளை மாற்றுவது புண்ணிய காரியமல்ல.

கோட்பாட்டு நூல்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "முதலில் தியரியை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் நாவலுக்கு வருகிறேன்" என்பவர் நாவலுக்கு வருவதே இல்லை. பூக்கோவையும் ஹோமி பாபாவையும் வாசிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நாவலில் ஒரு காட்சி உங்களை உறுத்தி, அதை விளக்கச் சொல் கிடைக்காமல் தவிக்கும்போது அவர்களிடம் போங்கள். அப்போது எந்த இருபது பக்கம் வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

6. ஆறு மாதத்துக்கு ஒரு குழு

ஆய்வு ஆலோசனைக் குழு, தமிழ்நாட்டுக் கல்லூரி வழக்கில் டாக்டரல் கமிட்டி, ஒவ்வொரு பருவத்திலும் உங்களைப் பார்க்க வேண்டும். முன்வரைவைச் சரிபார்ப்பதும், முன்னேற்றத்தை மதிப்பிடுவதும், ஆய்வேட்டுக்கு முந்தைய அளிக்கையைக் கேட்பதும் அவர்கள் பொறுப்பு. முன்னேற்றம் போதவில்லை என்றால் காரணத்தை எழுதி வைப்பார்கள்; பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

குழு என்பது வேலை மிகுந்த மூன்று பேர். அவர்கள் மூவருக்கும் பொருந்தும் ஒரு நாளைக் கண்டுபிடிப்பதுதான் நடைமுறையில் பெரும்பாடு. எனவே ஒரு கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும் முன்பே அடுத்த கூட்டத்தின் தேதியைக் குறித்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து அது மாறலாம், மாறட்டும். தேதியே இல்லாமல் இருப்பதைவிட மாற்ற ஒரு தேதி இருப்பது மேல். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன் பத்துப் பக்கம் அனுப்புங்கள். அறுபது பக்கம் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், பொதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னதை அன்று மாலையே ஐந்து வரியில் எழுதி, மூவருக்கும் மின்னஞ்சல் செய்யுங்கள். இரண்டாண்டு கழித்து "இந்த நாவலை ஏன் விட்டீர்கள்?" என்று அதே உறுப்பினர் கேட்கும்போது, விடச் சொன்னவர் அவர்தான் என்பதற்கு அந்த மின்னஞ்சல் சாட்சி.

7. இயல்கள்

முன்னுரையை முதலில் எழுதாதீர்கள். நாராயண் உதாரணத்திலேயே, மார்கய்யா இயலையும் ஜெகன் இயலையும் எழுதி முடிக்கும்வரை மொத்த வாதம் எங்கே போகிறது என்பது எழுதுபவருக்கே தெரியாது. முன்னுரையோடு தொடங்குபவர் அதைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே ஓராண்டைக் கழிப்பார். உங்களுக்கு மிகவும் பிடித்த நூலைப் பற்றிய இயலில் தொடங்குங்கள். ஆர்வம் இருக்கும் இடத்தில் கை ஓடும்.

ஆறு மாதத்தை நான் இப்படிப் பிரிக்கச் சொல்வேன். முதல் ஆறு வாரம் மறுவாசிப்பும் குறிப்பும். அடுத்த எட்டு வாரம் எழுத்து: வாரத்துக்கு ஐந்து பக்கம், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு இரண்டு வாரம் அதைத் தொடாமல் வைத்துவிட்டுப் கருத்தரங்கு போன்ற வேறு வேலை பாருங்கள். அடுத்த நான்கு வாரம் திருத்தம். மீதி ஆறு வாரம் நெறியாளர் படிக்க. தமிழ்நாட்டில் ஆங்கில ஆய்வேடுகள் பொதுவாக 180 முதல் 250 பக்கம் வருகின்றன. நடு இயல் ஒவ்வொன்றும் 40 பக்கம் என்றால் அளவு சரியாக வந்துவிடும்.

நெறியாளரிடம் இயலைக் கொடுக்கும்போது மேலே ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். இந்த இயல் எதை நிறுவ முயல்கிறது, எந்த இரண்டு இடங்களில் எனக்கு ஐயம், எப்போது வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்ற மூன்று செய்திகள் போதும். "ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று நூறு பக்கத்தைக் கையில் திணித்தால், அது மேசையில் மற்ற நூறு பக்கங்களின் கீழே போய்விடும். மிக முக்கியமானது இதுதான்: இயலைக் கொடுத்த அன்று மாலையே அடுத்த நூலைத் திறந்துவிட வேண்டும். திருத்தம் வந்தபின் தொடங்கலாம் என்று உட்கார்ந்தால், ஆறு வாரம் பன்னிரண்டு வாரமாகி, நான்கு இயலுக்கு ஓராண்டு வீணாகும்.

8. கட்டுரை வெளியீடு

2016 விதிமுறையில் ஒரு கட்டுரை வெளியீடும் இரண்டு கருத்தரங்க அளிக்கையும் கட்டாயமாக இருந்தன. 2022 விதிமுறை அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை வைத்திருக்கின்றன. நீங்கள் பதிவு செய்த ஆண்டின் பல்கலைக்கழக விதிமுறை எதுவோ அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூத்த ஆய்வாளர் சொன்னது அவருடைய காலத்து விதியாக இருக்கலாம்.

தரமான ஆய்விதழ்கள் எவை என்று சொல்ல மானியக் குழு 2019 முதல் வைத்திருந்த யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எது நல்ல இதழ் என்று தீர்மானிக்கும் பொறுப்பு இப்போது உங்கள் தலையிலும் நிறுவனத்தின் தலையிலும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளைத் தொடாதீர்கள். உண்மையான மதிப்பாய்வு உள்ள இலக்கியத் துறை இதழில் ஒரு கட்டுரை வெளிவர ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதனால்தான் முதல் இயல் முடிந்த கையோடு, 2028 தொடக்கத்திலேயே, அதிலிருந்து ஒரு பகுதியைக் கட்டுரையாக்கி அனுப்பச் சொல்கிறேன். நான்காம் ஆண்டில் அனுப்பினால் ஆய்வேடு முடிந்து அலமாரியில் இருக்கும், ஏற்புக் கடிதம் மட்டும் வந்திருக்காது.

9. நூலகங்கள்

அரசு நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் எல்லாம் அதில் உண்டு. தனியார் கல்லூரி ஆய்வாளர்கள் ஜேஸ்டோர் என்ற இணைய இதழ்க் களஞ்சியத்தில் சொந்தக் கணக்குத் தொடங்கி மாதம் 100 கட்டுரை வரை இலவசமாகப் படிக்கலாம். இந்திய ஆங்கில இலக்கியம் என்றால் மதுரை அமெரிக்கன் கல்லூரியின் சைலெட் மையத்துக்கு ஒரு முறையாவது போங்கள். பழைய அச்சு நூல்களுக்குச் சென்னையில் கன்னிமாராவும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன.

10. பகுதிநேரமாகச் செய்பவர்கள்

வேலை செய்யும் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று வாங்கியாக வேண்டும். நிர்வாகம் மாறினால் சான்றின் மதிப்பும் ஆட்டம் காணலாம் என்பதால் மூலப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி ஆசிரியருக்குப் பருவத்தின் நடுவில் எழுத முடியாது. விடைத்தாள் திருத்தம், கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் குழு வருகை, விடைக்குறிப்பு என்று ஏதாவது வந்துகொண்டேயிருக்கும். அதனால் அவர்களுக்கு மே மாதமும் டிசம்பர் விடுமுறையும்தான் எழுத்துக்காலம், பருவ மாதங்களில் வாசிப்பும் குறிப்பும். இயலுக்கு ஆறு மாதம் என்பதை எட்டாக்கிக்கொண்டு, மொத்தத்தை ஐந்தரை ஆண்டாக வைப்பதே நேர்மையான கணக்கு. வீட்டில் குழந்தையோடு இருக்கும் பெண் ஆய்வாளர் 240 நாள் விடுப்பை எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிட வேண்டும். சொல்லாமல் நழுவவிட்ட மாதங்கள் ஆறாண்டுக் கணக்கில்தான் ஏறும்.

11. கடைசி ஆண்டு: தாள்களின் ஊர்வலம்

இங்கே இலக்கியம் முடிந்து அலுவலகம் தொடங்குகிறது. குழுவின் முன் ஆய்வேட்டுக்கு முந்தைய அளிக்கை, சுருக்கம் சமர்ப்பிப்பு, தேர்வாளர் பட்டியல், ஒப்புமைச் சோதனை (பிறர் எழுத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று மென்பொருளில் பார்ப்பது), நூலகத்திலும் விடுதியிலும் பாக்கி இல்லாச் சான்று, கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். சுருக்கம் கொடுப்பதற்கு முன்பே, தேர்வாளர் பட்டியலுக்குப் பெயர்களைத் தேடும் வேலையை நெறியாளரிடம் நினைவூட்டுங்கள். பெயர்களை நீங்கள் முன்மொழியக் கூடாது, ஆனால் பட்டியல் எப்போது போகிறது என்று கேட்பதில் தவறில்லை. ஆய்வேடு உள்ளே போன பிறகும் பட்டியல் வராமல் மாதக்கணக்கில் கிடப்பதுண்டு.

ஒப்புமைச் சோதனைக்கு 2018 விதிமுறைதான் அளவுகோல். 10 விழுக்காடு வரை தண்டனையில்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 என்றால் ஓராண்டு காத்திருப்பு. 60க்கு மேல் பதிவே ரத்து. இலக்கிய ஆய்வேட்டில் மூல நூல் மேற்கோள் நிறைய இருக்கும் என்று பயப்பட வேண்டாம். முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும், துணைநூற்பட்டியலும், பொருளடக்கமும் அந்தக் கணக்கில் சேராது. மென்பொருளில் அந்த விலக்குகளைப் போட்டுத்தான் அறிக்கை எடுத்தார்களா என்று பாருங்கள். உங்கள் சொந்தக் கட்டுரை அச்சாகியிருந்தால் அதுவும் ஒப்புமையாகக் காட்டும். அதன் முதல் பக்க நகலோடு நூலகருக்கு ஒரு கடிதம் கொடுத்து விலக்குக் கேட்கலாம். இந்தச் சோதனையைக் கடைசி வாரத்தில் முதல் முறையாகச் செய்யாதீர்கள். இரண்டாம் இயல் முடிந்ததுமே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ஆய்வேட்டைக் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் படிப்பார்கள். முடிந்தால் ஒருவர் வெளிநாட்டவர். ஒருவர் நிராகரித்தால் மூன்றாமவருக்குப் போகும், அவரும் நிராகரித்தால் பட்டம் இல்லை. திருத்தம் கேட்டு வரும் அறிக்கை அரிதல்ல. அதற்கு ஒரு மாதம் கணக்கில் வைத்திருங்கள். வாய்மொழித் தேர்வு பொது அரங்கில் நடக்கும். தேர்வாளர்களின் அறிக்கையில் இருக்கும் கேள்விகள்தான் பெரும்பாலும் அங்கேயும் வரும். அவற்றுக்கு ஒவ்வொரு பக்கத்தில் பதில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

12. ஏற்கெனவே பிந்தியவர்களுக்கு

ஐந்தாம் ஆண்டில் இரண்டு இயலோடு நிற்பவர் முதலில் செய்ய வேண்டியது அலமாரியை ஒழிப்பதல்ல, நூல்களைக் குறைப்பது. ஐந்து நாவலை மூன்றாக்குங்கள். தலைப்பில் 'தேர்ந்தெடுத்த' என்ற சொல் இருந்தால் அது இப்போதுதான் கைகொடுக்கும். நூல்களின் பெயரே தலைப்பில் இருந்தால், தலைப்புத் திருத்தத்துக்குக் குழுவைக் கூட்டியாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கே இரண்டு மாதம் ஆகும் என்பதால் இன்றே கடிதம் கொடுங்கள். மறுபதிவு விண்ணப்பத்தை ஆறாண்டு முடிவதற்கு நான்கு மாதம் முன்பாகவே, நெறியாளரின் கையெழுத்தோடும் மீதி வேலைக்கான மாதவாரி அட்டவணையோடும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.